பழஞ்செம்பும் நச்சுப் புகையும்

செந்நிறத்தால் பெயர் பெற்ற உலோகம் செம்பு. நீர் மொள்ளும் கலத்துக்கும் அதுவே பெயராயிற்று. அரசர் கொடையைப் பொறித்த தகடு செப்பேடு எனப்பட்டது. நாகப்பட்டினத்தில் கடாரத்தரசன் எடுப்பித்த புத்த விகாரத்துக்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரை அளித்த செய்தியை 21 செப்பேடுகள் ஆயிரம் ஆண்டு கடந்தும் உரைக்கின்றன. அக்கடாரமே இன்றைய கெடா என்பது அறிஞர் பலர் கொள்கை.

செம்பை எத்தனை முறை உருக்கினும் அதன் இயல்பு குன்றாது. சுரங்கத் தாதுவில் செம்பு பெரும்பாலும் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. பழஞ்செம்பை உருக்கினாலோ, தாதுவிலிருந்து எடுப்பதைவிட எரியாற்றல் 85 விழுக்காடு வரை மிச்சமாகும். ஆதலின் கெடாவின் சுங்கை லாலாங் போன்ற ஊர்களிலும் பழுதான மின்விசிறிக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் பழைய சாமான் வியாபாரியிடம் விலையுண்டு.

இக்கருவிகளில் செம்பு சுருள்கம்பியாகவும், மின்வடத்தின் உட்கம்பியாகவும் இருக்கிறது. காந்தத்தில் ஒட்டாமை அது இரும்பன்று எனக் காட்டும். ஆனால் அலுமினியமும் ஒட்டாது. கம்பியைக் கத்தியால் சுரண்டும்போது உள்ளே வெண்மை தோன்றின் அஃது அலுமினியமே.

மின்வடத்தின் உறையை நீக்க வழி இரண்டு: உரித்தல், எரித்தல். எரித்தல் எளிதாகத் தோன்றுகிறது; கேடு அங்கேதான் தொடங்குகிறது. உறை பெரும்பாலும் பிவிசி என்னும் நெகிழி. கலப்பற்ற பிவிசியின் எடையில் ஏறக்குறைய 57 விழுக்காடு குளோரின். அஃது எரியுங்கால் எழும் அமில வாயு கண்ணையும் மூச்சுக் குழலையும் வருத்தும். அதனினும் கொடியது டையாக்சின் என்னும் நஞ்சு. கரியும் குளோரினும் கூடி அந்நஞ்சு உருவாவதைச் செம்பே வினையூக்கியாக நின்று விரைவுபடுத்துகிறது. புற்றுநோய் விளைக்க வல்ல அந்நஞ்சு மண்ணில் நெடுநாள் தங்கி, அங்கு மேயும் கோழியின் முட்டை வழியே மனிதர் உடலை அடைகிறது.

கானா நாட்டின் அக்ரா நகரில் அக்பொக்புளோஷி என்னுமிடத்தில் பல்லாண்டு கம்பிகளை எரித்துச் செம்பெடுத்தனர். 2021-இல் அவ்விடம் அகற்றப்பட்டது. அங்கு மேய்ந்த கோழியின் முட்டை ஒன்றை உண்பவர், ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வகுத்த நாளளவைப்போல் 220 மடங்கு டையாக்சினை உட்கொள்வார் என 2019-இல் வெளியான ஆய்வு கண்டது. கொல்லையில் கோழி வளர்க்கும் தோட்டக் குடும்பங்கள் இதனைக் கருத வேண்டும்.

எரிப்பவர்க்கு ஊதியமும் குறைவே. எரித்த கம்பி கருத்து மாசேறி விடுவதால், உரித்த ஒளிக்கம்பியின் விலை அதற்குக் கிடைப்பதில்லை. கத்தியாலோ உரிக்கும் பொறியாலோ உறையை நீக்குவதே முறை. மின்னலை அடுப்பின் மின்தேக்கி, இணைப்பை எடுத்த பின்னும் உயிர் போக்கும் மின்னூட்டத்தை வைத்திருக்கக் கூடும். குளிர்பெட்டியிலோ அடைத்த வாயு உண்டு. இவற்றைப் பயிற்சி பெற்றவரே திறத்தல் வேண்டும்.

திரட்டிய செம்பை ஆலையில் உருக்கித் தகடாக்கி, செம்புச் சல்பேட்டுக் கரைசலில் மின்னோட்டம் செலுத்துவர். தூய செம்பு மறுதகட்டில் படியும். பொன்னும் வெள்ளியும் அடியில் வண்டலாகத் தங்கும். இவ்வாறு 99.99 விழுக்காட்டுத் தூய்மை கிட்டும்.

மலேசியாவின் 1974-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டம் திறந்தவெளி எரிப்பைத் தடுக்கிறது. 2005-ஆம் ஆண்டு விதிகள் மின்பொருட் கழிவை எஸ்டபிள்யூ 110 என்னும் குறியீட்டில் அபாயக் கழிவாக வகுத்துள்ளன. சட்டம் இருந்தும் கொல்லைப்புறத் தீயை அணைப்பது அறிவே. உறையை உரிப்பதற்கும் எரிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அறிவியல் வகுப்பில் ஒரு மாணவன் உணர்ந்து வீட்டாருக்குச் சொன்னால், செம்பும் மீளும். அவன் வீட்டு மண்ணும் தப்பும்.