இந்தியாவில் எத்தனை மொழிகள்? யார் எண்ணுகிறார் என்பதைச் சொல்லுங்கள்!

இந்தியாவில் எத்தனை மொழிகள் உள்ளன என்று கேட்டால் 22 என்பார் ஒருவர். 121 என்பார் இன்னொருவர். 780, 1,652 என்ற பதில்களும் உண்டு. இந்த நான்கு எண்களில் எதையும் தவறென்று ஒதுக்கிவிட முடியாது என்பதுதான் வியப்பு.

பல்கலைக்கழகத்தில் நான் படிக்கும் மொழியியல் பாடத்தில், பல மொழிகள் பேசும் ஒரு நாட்டைப் பற்றிக் குழுவாக ஆராய்ந்து படைக்க வேண்டியிருந்தது. எங்கள் குழு இந்தியாவைத் தேர்ந்தெடுத்தது. எண்களைத் திரட்ட ஆரம்பித்த எங்களுக்கு, அவை பிறந்த கதைகளே கூடுதல் சுவையாக இருந்தன.

ஒரே கதை, நூற்றுக்கணக்கான மொழிகளில்

அயர்லாந்தில் பிறந்து, பிரிட்டிஷ் இந்தியாவில் ஆட்சிப் பணி அதிகாரியாக இருந்தவர் ஜார்ஜ் கிரியர்சன். 1894ஆம் ஆண்டில் தொடங்கிய ‘இந்திய மொழிகள் ஆய்வு’ என்ற பெரும் பணி இவர் தலைமையில் 1928 வரை நீடித்தது.

மொழிகளை ஒப்பிட வேண்டுமென்றால் எல்லாரும் ஒரே செய்தியைச் சொல்ல வேண்டும். அதற்காக அவர் பைபிளில் வரும் ‘ஊதாரி மகன்’ கதையைப் பயன்படுத்தினார். நான், நீ, அவன் ஆகிய மூவிடப் பெயர்கள், பெரும்பாலான வேற்றுமைகள், முக்காலங்கள் எல்லாம் அந்தச் சிறிய கதையிலேயே வந்துவிடுகின்றன. உள்ளூர் அதிகாரிகள் அந்தந்த வட்டாரப் பேச்சில் கதையை எழுதி வாங்கி அனுப்பினார்கள். கூடவே, அந்த ஊரில் வழங்கிய ஒரு கதையையோ பாட்டையோ எழுதியனுப்பும்படியும், ஒரு சொற்பட்டியலை நிரப்பும்படியும் கேட்கப்பட்டது. சில மொழிகள் கிராமபோன் தட்டுகளிலும் பதிவாயின. அந்தக் குரல்களை இன்றும் இணையத்தில் கேட்கலாம்.

இறுதியில் அவர் பட்டியலிட்டவை 179 மொழிகள், 544 கிளைமொழிகள். ஆனால், சென்னை மாகாணம், மைசூர், ஹைதராபாத் ஆகிய பகுதிகள் இந்தக் கள ஆய்வில் சேர்க்கப்படவில்லை. தமிழைப் பற்றிய குறிப்பு நான்காம் தொகுதியில் இருக்கிறது. இருந்தாலும், தமிழ் அதிகம் பேசப்பட்ட நிலப்பகுதிக்குள் அந்த ஆய்வு நுழையவே இல்லை.

குவிந்த 19,569 பெயர்கள்

விடுதலைக்குப் பிறகு அந்த வேலை மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் பொறுப்பாயிற்று. 1961ல் மக்கள் சொன்ன தாய்மொழிப் பெயர்களைத் தொகுத்தபோது 1,652 கிடைத்தன. 1971 முதல் ஒரு புதிய வரம்பு வந்தது. குறைந்தது 10,000 பேர் பேசினால்தான் ஒரு மொழியின் பெயர் வெளியிடப்படும். மற்றவை ‘இதர மொழிகள்’ என்ற ஒரே வரியில் அடங்கிவிடும்.

2011 கணக்கெடுப்பில் மக்கள் சொன்ன பெயர்கள் மொத்தம் 19,569. எழுத்து வேறுபாடுகளையும் ஊர்ப் பெயர், சாதிப் பெயர்களையும் சரிபார்த்து, அவற்றை 1,369 தாய்மொழிகளாகச் சுருக்கினார்கள். அவற்றை மீண்டும் தொகுத்தபோது வந்தவைதான் 121 மொழிகள். நீலகிரி மலையில் வழங்கும் தோடர் மொழியையும் கோத்தர் மொழியையும் அந்த 121ல் தேடினால் கிடைக்காது. பேசுவோர் எண்ணிக்கை 10,000ஐ எட்டவில்லை, அவ்வளவுதான்.

தொகுக்கும் முறையிலும் சிக்கல் உண்டு. 2011ல் போஜ்புரியைத் தாய்மொழி என்று சொன்னவர்கள் ஐந்து கோடிக்கும் அதிகம். ஆனால், அவர்கள் அனைவரும் இந்தி பேசுவோர் கணக்கில்தான் சேர்ந்தார்கள். கிரியர்சனோ போஜ்புரி, மைதிலி, மகஹி மூன்றையும் ‘பிகாரி’ என்று இந்தியிலிருந்து பிரித்துக் காட்டியிருந்தார். தமிழும் இதற்கு விதிவிலக்கல்ல. கைகாடி, எருகலா பேசுவோர் தமிழ் என்ற தலைப்பின் கீழ்தான் எண்ணப்படுகிறார்கள்.

இது வெறும் பட்டியல் விவகாரமா? மைதிலியைப் பாருங்கள். 1991 கணக்கெடுப்பில் அது இந்திக்குள் இருந்தது. அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் 2003ஆம் ஆண்டுத் திருத்தத்தின்வழி இடம்பெற்ற பிறகு தனி மொழியாக எண்ணப்படுகிறது. இன்று அந்த அட்டவணையில் இருக்கும் மொழிகள்தான் 22. இந்திய ஆட்சிப் பணிக்கான முதன்மைத் தேர்வை அவற்றில் எழுதலாம். போஜ்புரி பேசும் ஒரு மாணவருக்குத் தம் தாய்மொழியில் அந்த வாய்ப்பு இல்லை.

மக்கள் நடத்திய ஆய்வு

780 என்ற எண் அரசாங்கத்திடமிருந்து வந்ததன்று. பரோடா பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்த கணேஷ் தேவி, 2010ல் ‘இந்திய மக்கள் மொழியாய்வு’ என்ற இயக்கத்தைத் தொடங்கினார். ஏறத்தாழ 3,000 தொண்டூழியர்கள் இணைந்தார்கள். எத்தனை பேர் பேசுகிறார்கள் என்ற வரம்பு அதில் இல்லை. சைகை மொழிக்கும் ஒரு தொகுதி ஒதுக்கப்பட்டது. கடந்த 50 ஆண்டுகளில் ஏறக்குறைய 250 மொழிகள் மறைந்திருக்கலாம் என்பது தேவியின் மதிப்பீடு.

அந்த இயக்கம் தொடங்கிய அதே 2010ல், ஜனவரி மாதம், அந்தமானில் போவா என்ற மூதாட்டி காலமானார். ‘போ’ என்ற மொழியைப் பேசிய கடைசி மனிதர் அவர். தம் மொழியில் பேச ஆளில்லாமல் பல ஆண்டுகள் வாழ்ந்தவர். மொழியியலாளர் அன்விதா அப்பி அவர் குரலைப் பதிவு செய்திருந்ததால், அந்த மொழியின் ஒலியாவது நமக்கு மிஞ்சியிருக்கிறது.

நம் வீட்டுக் கணக்கு

சிங்கப்பூரில் கேள்வியே வேறு. நம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, வீட்டில் அதிகம் பேசும் மொழி எது என்று கேட்கிறது. 2020ல் ஐந்து வயதுக்கு மேற்பட்ட குடியிருப்பாளர்களில் தமிழ் என்று பதிலளித்தவர்கள் 2.5 விழுக்காட்டினர். ஆங்கிலம் என்றவர்கள் 48.3 விழுக்காட்டினர்.

எங்கள் குழுவில் இருந்த தோழியின் பாட்டி தெலுங்கு பேசுகிறார். இங்கே பள்ளியில் தெலுங்குப் பாடம் இல்லாததால் தோழி பத்து ஆண்டுகள் தமிழ் படித்தாள். வீட்டிலோ ஆங்கிலம். “உன் தாய்மொழி எது?” என்று கேட்டேன். “எந்தப் படிவத்துக்கு?” என்று திருப்பிக் கேட்டாள். பாட்டி பேசுவது அவளுக்குப் புரியும், பதில் சொல்லத்தான் வராது. எந்தப் படிவத்திலும் அதை எழுத இடமில்லை.

இந்த வார இறுதியில் உங்கள் வீட்டில் ஒரு சிறிய கணக்கெடுப்பு நடத்திப் பாருங்கள். தாத்தா பாட்டி சிறு வயதில் எந்த மொழியில் பேசினார்கள்? அம்மா அப்பா தங்களுக்குள் எதில் பேசுகிறார்கள்? உங்கள் தம்பி தங்கையிடம் நீங்கள் எதில் பேசுகிறீர்கள்? மூன்று பதில்களையும் ஒரு தாளில் எழுதுங்கள். கைத்தொலைபேசி பக்கத்தில் இருந்தால், பாட்டியிடம் ஒரு கதை கேட்டு அதையும் பதிவு செய்துகொள்ளுங்கள். கிரியர்சனுக்கு அந்த வேலைக்கு ஒரு கிராமபோன் தேவைப்பட்டது.