அரை ஷிப்டும் முழுக் கூலியும்

திருப்பூரில் வேலைக்குப் பஞ்சமில்லை என்பது ஊரறிந்த பேச்சு. பனியன் கம்பெனிகளின் வாயில்களிலே "டெய்லர் தேவை", "கைமடி தேவை", "செக்கிங் செய்யப் பெண்கள் தேவை" என்னும் பலகைகள் தொங்குகின்றன. அப்பலகைக்கு முன் நின்று, "மாலையில் நான்கு மணி நேரம் மட்டும் எனக்கு வேலை உண்டா?" என்று ஒருவன் கேட்கட்டும். "முழு நாளும் வருவதானால் வா, இல்லையேல் போ" என்பதே பெரும்பாலும் அவனுக்குக் கிடைக்கும் விடை. ஆனால் அதே கட்டடத்தில் அன்று இரவு வெகுநேரம் வரை விளக்கு எரிகிறது. தையல் யந்திரம் ஓடுகிறது. வேலையும் இருக்கிறது, வேலை கேட்பவனும் இருக்கிறான், இரண்டும் சந்திப்பதில்லை. காரணம் யாது?

கேட்பவர் யார் என்பதை முதலில் பார்ப்போம். பகலில் கல்லூரிக்குச் சென்று, மாலையில் தன் படிப்புச் செலவைத் தானே சம்பாதிக்க விரும்பும் மாணவன். வீட்டுக் காரியங்களை முடித்து, குழந்தைகளை ஒருவர் பொறுப்பில் விட்ட பின்னரே வெளியே வரக்கூடிய தாய். வாடகையும் வட்டியும் போக மாதக் கடைசியில் ஒன்றும் மிஞ்சாத கடைக் குமாஸ்தா. இவர்கள் எவரிடமும் தானம் கேட்கவில்லை. தங்களிடம் மிஞ்சியிருக்கும் சில மணி நேரத்துக்கு நியாயமான விலை கேட்கிறார்கள். அவ்வளவே.

திருப்பூரின் கூலிக் கணக்கு 'ஷிப்டு' என்னும் அளவினால் நடப்பது. 8 மணி நேரம் ஒரு ஷிப்டு. அதற்குமேல் 4 மணி நேரம் அரை ஷிப்டு. வெளிநாட்டு ஆர்டருக்குக் கெடு நெருங்கினால், காலை 8.30 மணிக்கு நுழைந்த தொழிலாளி இரவு 8.30 மணிக்கே வெளியே வருகிறார். அவர் பெயருக்கு எதிரே ஒன்றரை ஷிப்டு என்று எழுதப்படுகிறது. சனிக்கிழமையன்று ஒன்றரைப் பங்கு கூலி கைக்கு வருகிறது. இதைப் பலரும் நியாயமென்றே எண்ணிப் பழகிவிட்டனர். சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம், வாரத்தில் 48 மணி நேரத்துக்குமேல் வாங்கும் வேலைக்கு இரட்டிப்புக் கூலி தரவேண்டுமென்று விதித்தது. 2019-ல் இயற்றப்பட்டு 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்திருக்கும் கூலித் தொகுப்புச் சட்டமும் மிகை நேரத்துக்கு இரட்டிப்புக்குக் குறையாத கூலியையே விதிக்கிறது. கணக்கைப் போட்டுப் பாருங்கள். வாரத்தில் 6 நாள் ஒன்றரை ஷிப்டு வேலை செய்தவருக்கு இப்போது கிடைப்பது 9 ஷிப்டுக் கூலி. முதல் 48 மணி நேரத்துக்கு 6 ஷிப்டு. மிஞ்சிய 24 மணி நேரத்துக்கு இரட்டிப்பாக மற்றுமொரு 6 ஷிப்டு. ஆக 12 ஷிப்டுக் கூலி அவருக்குச் சேரவேண்டியது. ஒற்றைக் கூலி தரும் கம்பெனியில், வாரந்தோறும் 3 ஷிப்டுக் கூலி தொழிலாளியின் கையினின்றும் நழுவிப் போகிறது.

இதற்கும் மாலை வேலை தேடும் மாணவனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நெருங்கிய சம்பந்தம் உண்டு. இரட்டிப்புக் கூலி என்னும் விதி தொழிலாளிக்கு வெகுமதியாக மட்டும் ஏற்பட்டதன்று. களைத்த உடலிடமே மேலும் வேலை வாங்குவது முதலாளிக்கு நஷ்டமாயிருக்க வேண்டும். அப்போதுதான் அவர் புதிதாக ஓர் ஆளைத் தேடுவார் என்பதே அதன் உட்கருத்து. மாலை நேரத்துக்கு இரட்டிப்புக் கொடுப்பதைக்காட்டிலும், ஒன்றேகால் பங்கு கொடுத்து வேறொருவரை அமர்த்துவது லாபமென்று முதலாளி கண்டால், பலகையில் "மாலை வேலைக்கு ஆள் தேவை" என்று தானே எழுதுவார். ஒற்றைக் கூலிக்கே பகல் ஆள் கிடைக்கும் வரையில் அவர் ஏன் எழுதப் போகிறார்? பகல் தொழிலாளியின் களைப்பும் மாலைத் தொழிலாளியின் வேலையின்மையும் ஒரே மரத்தின் இரு கிளைகள்.

பகுதி நேர வேலைக்கும் கௌரவமான கூலி வேண்டுமென்பது இவ்வூருக்குப் புதிய பேச்சன்று. 1925-ல் தோன்றிய அகில பாரத சர்க்கா சங்கத்தின் தமிழ்நாட்டுக் கிளை திருப்பூரிலேதான் இயங்கியது. உழவு இல்லாத காலத்திலும் ஓய்ந்த வேளையிலும் ஏழைப் பெண்கள் நூற்ற நூலே அதன் ஜீவன். அது உபதொழில்தானே, எதைக் கொடுத்தாலும் போதாதா என்று சிலர் கேட்டபோது, காந்தியடிகள் அதை ஏற்கவில்லை. அவருடைய வற்புறுத்தலால் சங்கம் 1935-ல், 8 மணி நேரத் திறமையான நூற்பு ஒருவரின் ஜீவனத்துக்குப் போதுமான கூலியைத் தரவேண்டும் என்னும் அடிப்படையில் குறைந்தபட்சக் கூலியை நிர்ணயிக்கத் தீர்மானித்தது. கதர் விலை ஏறும் என்று தெரிந்தே செய்த தீர்மானம் அது. சுதந்தர இந்தியாவின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பிறந்தது 1948-ல். அதற்கு 13 வருஷம் முன்னரே, ஓய்வு நேர உழைப்புக்கும் தர்மமான கூலி உண்டென்பதைத் தேசிய இயக்கம் ஒப்புக்கொண்டுவிட்டது.

முதலாளிமார் சொல்லும் நியாயத்தையும் கேட்க வேண்டும். அயல்நாட்டு வியாபாரி விலையை நெருக்குகிறான். கெடு தவறினால் சரக்கே தேங்கும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குகளின்மீது வரியை 50 சதவிகிதமாக உயர்த்தியது போன்ற இடிகளும் விழுகின்றன. இவை மெய்யே. ஆயினும் சங்கடத்தின் பாரம் முழுவதையும் கைமடிக்கும் பெண்ணின் தலையில் இறக்குவது எந்த வியாபார தர்மம்? குறைந்தபட்சத்துக்கும் குறைவான கூலிக்கு வேலை வாங்குவது அரசியல் சட்டத்தின் 23-வது ஷரத்து விலக்கும் கட்டாய உழைப்பேயாகும் என்று உச்ச நீதிமன்றம் 1982-ல், ஆசிய விளையாட்டுக் கட்டடத் தொழிலாளர் வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது.

வேலை தேடுவோரும் சில விஷயங்களை அறிந்திருத்தல் நலம். அன்றாடக் கூலியை 8-ஆல் வகுத்தால் வருவதே மணிக்கூலி. அதற்குக் குறைந்து எவர் பேசினாலும் ஒப்பலாகாது. பிசிறு வெட்டுதல், மடித்துக் கட்டுதல் முதலியவற்றைப் பீஸ் கணக்கில் பேசுவோர், மணிக்கு எத்தனை பீஸ் முடிகிறதென்று முதல் நாளே எண்ணிப் பார்க்கட்டும். பெருக்கி வருவது மணிக்கூலியைத் தொடவில்லையானால் அது வேலையன்று, ஏமாற்று. பகலில் ஒரு தொழிற்சாலையில் உழைத்தவர் மாலையில் மற்றொரு தொழிற்சாலைக்குச் செல்வதைச் சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை என்பதையும் மறத்தலாகாது. பெண்களை இரவு 7 மணிக்குமேல் நிறுத்துவதானால் அவர்களுடைய சம்மதமும் தக்க பாதுகாப்பும் வேண்டும்; வீடு சேர்க்கும் வண்டியைப் பற்றி முன்னரே கேட்டுத் தெளிக.

சர்க்கார் செய்யவேண்டியது ஒன்றுண்டு. கூலியை நாள் கணக்கில் மட்டுமின்றி மணிக் கணக்கிலும் நிர்ணயிக்கச் சட்டம் இடந்தருகிறது. பகுதி நேர வேலைக்கென மணிக்கூலியை விளங்க அறிவித்து, ஒவ்வொரு கம்பெனி வாயிலிலும் தமிழில் எழுதி வைக்கச் செய்யட்டும்.

தொழிற்சங்க அன்பர்களுக்கும் ஒரு விண்ணப்பம். 1984-ல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் செய்து தாங்கிய ஊர் இது. சென்னிமலை நெசவுக் குடும்பத்தில் பிறந்த குமரன் 1932 ஜனவரியில் கொடி பிடித்த கையோடு அடிபட்டு விழுந்ததும் இவ்வூர் வீதியிலேதான். அடுத்த கூலி ஒப்பந்தத்தில் எத்தனை சதவிகித உயர்வு என்று கேட்பதோடு நில்லாதீர்கள். அரை ஷிப்டுக்கு முழு ஷிப்டுக் கூலி எங்கே என்றும் கேளுங்கள். அக்கேள்விக்கு நேர்மையான விடை கிடைக்கும் நாளில், பகலெல்லாம் உழைத்தவர் பொழுதோடு வீடு திரும்புவார். வாயிலில் காத்து நிற்பவருக்குக் கதவு திறக்கும்.