எழில் நிரல்மொழியில் ஏவலும் எச்சமும்

முன்னுரை

கணினியியலைத் தொழிலாகக் கொள்ளாதவரும் அறிமுகமில்லா நிரல்மொழியொன்றை ஆர்வம் காரணமாகப் பயின்று பார்ப்பதுண்டு. அப்பயிற்சி தமிழாய்வாளருக்குத் தருவது நிரலெழுதும் திறனை விட, பழகிய தொடரமைப்பைப் புறத்தே நின்று நோக்கும் வாய்ப்பாகும். முத்தையா அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ இதற்கு ஏற்ற சான்று. தமிழ்ச்சொற்களாலான இந்நிரல்மொழியின் இலக்கணம் 2009இல் ஆங்கிலக் கட்டுரையாக வெளிவந்தது. அதன் முதல் வடிவம் பைத்தான் மொழியில் இயற்றப்பட்டது. எழிலின் ‘பதிப்பி’, ‘ஆனால்’, ‘வரை’ ஆகிய மூன்று சொற்களைத் தொடரியல் நோக்கில் இக்கட்டுரை விளக்குகிறது.

ஏவலின் இடம்

பதிப்பி 2 + 3 என்று எழிலில் எழுதினால் 5 என்னும் விடை கிடைக்கும். இங்கு ஏவல்வினை முன்னிற்கிறது. தமிழ்த்தொடரிலோ வினை இறுதியில் நிற்பதே இயல்பு. சார்லஸ் மூர் உருவாக்கிய ‘போர்த்’ மொழியில் இதே செயலை 2 3 + . என எழுதுவர், இறுதிப்புள்ளி அச்சிடுமாறு ஏவுவது. ‘இரண்டையும் மூன்றையும் கூட்டி அச்சிடு’ என்னும் தமிழ் ஒழுங்கு அதில் அப்படியே அமைகிறது. தமிழ்ச்சொல் ஒன்றும் இல்லாத மொழி தமிழ் வைப்புமுறையை ஒத்தும், தமிழ்ச்சொற்களாலான மொழி அதனின்று விலகியும் நிற்கின்றன. சொல்லைத் தமிழாக்குவதும் தொடரைத் தமிழாக்குவதும் வெவ்வேறு பணிகள் என்பது இதனால் விளங்கும்.

நிபந்தனை எச்சம்

நிபந்தனைத் தொடரில் எழில் தமிழ் ஒழுங்கையே பின்பற்றுகிறது. @( எண் > 5 ) ஆனால் என நிபந்தனை முன்னும் சொல் பின்னும் வரும். ‘ஆனால்’ என்பது ‘ஆகு’ என்னும் வினையின் நிபந்தனை எச்சம். இக்காலத் தமிழில் இது எதிர்நிலை இணைப்புச்சொல்லாகவே பெரிதும் வழங்குவதால், புதிதாகப் படிப்பவர் மயங்கக்கூடும். நிரல்மொழி இச்சொல்லின் எச்சப்பொருளை மீட்டெடுத்துள்ளது எனலாம்.

‘வரை’யின் இருபொருள்

@( எண் < 10 ) வரை என்பது, நிபந்தனை மெய்யாக இருக்குமளவும் செயலைத் திரும்பச் செய்யும். ‘வரை’ எல்லையைச் சுட்டும் சொல்லாயிற்றே என்னும் ஐயம் இங்கு எழும். பாம்பன் தொடர்வண்டிப் பாலம் இதனைத் தெளிவாக்கும். 2025இல் திறக்கப்பட்ட புதிய பாலத்தின் ஒரு பகுதி, கப்பல் கடக்கும்பொருட்டு மேலே உயரும்.

1. பாலம் உயர்ந்திருக்கும் வரை வண்டி நிற்கும்.
2. பாலம் இறங்கும் வரை வண்டி நிற்கும்.

இரு தொடர்களும் ஒரே செய்தியைத் தருகின்றன, நிபந்தனைகளோ எதிரெதிரானவை. ‘உயர்ந்திருக்கும்’ என்பது நிலையைக் குறிப்பதால், அந்நிலை நீடிக்குமளவும் என்னும் பொருள் பிறக்கிறது. ‘இறங்கும்’ என்பது நிகழ்வைக் குறிப்பதால், அது நிகழும் எல்லை என்னும் பொருள் பிறக்கிறது. வேறுபாடு ‘வரை’யில் இல்லை, அதற்கு முன்வரும் பெயரெச்சத்தில் உள்ளது. ‘எண் பத்தினும் குறைவு’ என்பது நிலையாதலின் எழிலின் ஆட்சி தமிழ் வழக்குக்குப் பொருந்துவதே. எனினும் வினைவடிவம் இன்றிக் குறியீடு மட்டும் நிற்கையில் அவ்வேறுபாட்டைக் காட்டும் உறுப்பு மறைந்துவிடுகிறது.

நிறைவுரை

கலைச்சொல்லாக்கம் பெரும்பாலும் பெயர்ச்சொற்களையே கருதுகிறது. நிரல்மொழிக்கோ எச்சமும் ஏவலும் இடைச்சொல்லும் இன்றியமையாதன. அவற்றின் பொருள் தொடரில் உறுதிப்படுவதால், தமிழ் நிரல்மொழி ஆக்கத்தில் கணினி அறிஞரோடு இலக்கண ஆய்வாளரும் பங்கேற்பது தேவையாகிறது.