டீச்சர் ஆவது எப்படி?

வித்துரா ஒரு மலையடிவார ஊர். திருவனந்தபுரம் மாவட்டம், நெடுமங்காடு தாலுகாவில் இருக்கிறது. மேலே பொன்முடி மலை. பேப்பாறை அணையும் போனக்காடு தேயிலைத் தோட்டமும் இந்தப் பக்கம்தான். காட்டுக்குள் காணிக்காரர் குடியிருப்புகள். தோட்டத்து லயங்களில் தமிழ் பேசும் குடும்பங்கள். கொழுந்து பறிக்க மலை ஏறி வந்தவர்களின் பேரன் பேத்திகள் இவர்கள்.

இங்கே ஒரு சிறுமியிடம், "பெரியவளாகி என்ன ஆகப் போகிறாய்?" என்று கேட்டுப் பாருங்கள். "டீச்சர்" என்ற பதில் வருவதற்கு வாய்ப்பு அதிகம். மலையில் வளரும் பிள்ளை பார்க்கும் உத்தியோகங்கள் நாலைந்துதான். காட்டிலாகா ஊழியர், பஸ் கண்டக்டர், நர்ஸ், டீச்சர். அதில் தினமும் பக்கத்தில் நின்று பேசுகிறவர் டீச்சர்தான்.

ஆசை நல்லது. ஆனால் வழி தெரிய வேண்டும் அல்லவா? வழி தெரியாமல் நடந்தால் பாதி தூரம் போன பிறகு "இது வேறு பாதை" என்பார்கள். திரும்பி வர வயது இருக்காது.

மலைப் பள்ளி டீச்சர்களுக்கு என்ன நடந்தது?

கேரளத்தில் 1990-களின் கடைசியில் ஓராசிரியர் பள்ளிகள் வந்தன. பக்கத்தில் பள்ளிக்கூடமே இல்லாத மலைக் குடியிருப்புகளுக்காக வந்தவை அவை. ஒரே அறை. ஒரே டீச்சர். ஒன்று முதல் நான்கு வகுப்புவரை எல்லாப் பிள்ளைகளும் அங்கேதான். டீச்சருக்கு வித்யா வாலண்டியர் என்று பெயர். சம்பளம் கிடையாது, மதிப்பூதியம் மட்டும். ஆற்றைக் கடந்து, காட்டில் நடந்து, யானைத் தடம் பார்த்துப் போய் அவர்கள் பாடம் சொல்லித் தந்தார்கள். சிலர் 20 வருடத்துக்கு மேல் இப்படி நடந்தார்கள்.

2022 மார்ச் மாதத்தோடு அரசு இந்தப் பள்ளிகளை மூடியது. பிள்ளைகளைப் பக்கத்துப் பள்ளிகளில் சேர்த்தார்கள். டீச்சர்கள்? மாநிலம் முழுவதும் 300 பேருக்கு மேல் இருந்தார்கள். அவர்களுக்கு வேறு பள்ளிகளில் வேலை தருவதாக அரசு சொன்னது. அப்படியே ஒரு பகுதியினருக்கு வேலை கிடைத்தது. ஆனால் என்ன வேலை? துப்புரவுப் பணி. மார்ச் மாதம்வரை கையில் சாக்பீஸ். ஜூன் மாதம் கையில் துடைப்பம்.

துடைப்பம் பிடிப்பது கேவலமான வேலை அல்ல. நிரந்தர வேலை கிடைத்ததே என்று ஏற்றுக்கொண்டவர்களும் உண்டு. ஆனாலும் 20 வருடம் டீச்சராக இருந்தவரை ஏன் டீச்சராக எடுக்க முடியவில்லை? காரணம் காகிதத்தில் இருக்கிறது. பலரிடம் ஆசிரியர் பயிற்சிச் சான்று இல்லை. சான்று இருந்தவர்களும் பி.எஸ்.சி. வழியாக நியமனம் பெற்றவர்கள் அல்ல. அனுபவம் எவ்வளவு இருந்தாலும் சட்டம் முதலில் கேட்பது சான்றிதழைத்தான். இது நியாயமா என்று இன்றும் பலர் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் நம் வீட்டுப் பிள்ளைக்கு இந்த நிலை வராமல் பார்ப்பது நம் கையில் இருக்கிறது.

மூன்று காகிதம், ஒரு லைசென்ஸ்

பஸ் ஓட்ட லைசென்ஸ் வேண்டும். அது ஒரே அட்டை. டீச்சருக்கு அப்படி ஒரு அட்டை கிடையாது. மூன்று காகிதங்கள் சேர்ந்தால்தான் அது லைசென்ஸ் ஆகும். ஒன்று, படித்த படிப்பின் சான்று. இரண்டு, ஆசிரியர் பயிற்சிச் சான்று. மூன்று, தகுதித் தேர்வில் தேறிய சான்று. மூன்றில் ஒன்று குறைந்தாலும் வண்டி நகராது.

எல்.பி. பள்ளியை எடுத்துக்கொள்வோம். அதாவது சின்ன வகுப்புகள். இதற்கு பிளஸ் டூ முடிக்க வேண்டும். 50 சதவீத மதிப்பெண் வேண்டும். பிற்பட்ட வகுப்பாருக்கும் ஆதிவாசி, தலித் பிள்ளைகளுக்கும் இதில் சலுகை உண்டு. எந்தக் குரூப் படித்தவரும் சேரலாம்.

அடுத்தது பயிற்சி. முன்பு இதை டி.டி.சி. என்றார்கள். பெரியவர்கள் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். இப்போது பெயர் டி.எல்.எட். இரண்டு வருடப் படிப்பு. நான்கு பருவம். இதை நடத்தும் நிறுவனத்தை டி.டி.ஐ. என்பார்கள். திருவனந்தபுரம் மாவட்டத்துக்கான 'டயட்' நிறுவனம் ஆற்றிங்கலில் இருக்கிறது. அரசு நிறுவனம், உதவி பெறும் நிறுவனம், சுயநிதி நிறுவனம் என்று மூன்று விதம். அரசு நிறுவனத்தில் செலவு மிகக் குறைவு. அதனால் போட்டி அதிகம். பிளஸ் டூ மதிப்பெண்ணைப் பார்த்துத்தான் இடம் தருகிறார்கள்.

பயிற்சியில் என்ன சொல்லித் தருவார்கள்? பிள்ளையின் மனம் எப்படி வளர்கிறது, கணக்கை எப்படிக் கல்லும் குச்சியும் வைத்துப் புரிய வைப்பது, படிக்கப் பின்தங்கும் பிள்ளையை எப்படிக் கவனிப்பது, இப்படிப் பல. அதோடு உண்மையான பள்ளிக்குப் போய் வகுப்பு எடுத்துப் பழக வேண்டும். முதல் நாள் கை நடுங்கும். பிறகு சரியாகிவிடும்.

மேல் வகுப்புகளுக்கு வழி வேறு. ஹைஸ்கூல் டீச்சருக்கு டிகிரியும் பி.எட். படிப்பும் வேண்டும். பி.எட். முன்பு ஒரு வருடம். 2015 முதல் இரண்டு வருடம். பிளஸ் டூ டீச்சருக்கு எம்.ஏ. போன்ற முதுகலைப் படிப்பு, பி.எட்., செட் தேர்வு மூன்றும் வேண்டும். பி.எட். பெரிய படிப்புத்தானே, அதை வைத்து எல்.பி.யிலும் சேரலாமே என்று சிலர் நினைக்கிறார்கள். முடியாது. 2023 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவது தனிக் கலை, அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். நல்ல தீர்ப்பு.

கே-டெட் தேர்வு

மூன்றாவது காகிதம் இதுதான். 2009-இல் கல்வி உரிமைச் சட்டம் வந்தது. அதைத் தொடர்ந்து 2010-இல் தேசிய ஆசிரியர் கல்விக் குழு ஓர் அறிவிப்புச் செய்தது. எட்டாம் வகுப்புவரை சொல்லித் தரும் டீச்சர் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்பதே அந்த அறிவிப்பு. கேரளத்தில் 2012 முதல் இந்தத் தேர்வு நடக்கிறது. பெயர் கே-டெட். நடத்துவது பரீட்சா பவன்.

நான்கு பிரிவு உண்டு. முதல் பிரிவு எல்.பி.க்கு. இரண்டாவது யு.பி.க்கு. மூன்றாவது ஹைஸ்கூலுக்கு. நான்காவது ஹிந்தி, அரபி போன்ற மொழி டீச்சர்கள், விளையாட்டு, கைவேலை டீச்சர்களுக்கு.

150 கேள்வி. கேள்விக்கு ஒரு மார்க். நேரம் இரண்டரை மணி. ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு விடை தந்திருப்பார்கள். சரியானதைக் குறிக்க வேண்டும். தவறான விடைக்கு மார்க் குறைக்க மாட்டார்கள். ஆகவே ஒரு கேள்வியையும் விட்டுவிடக் கூடாது. தெரியாவிட்டாலும் யோசித்து ஒன்றைக் குறிக்கலாம். இந்தச் சின்ன விஷயம் தெரியாமல் ஒன்றிரண்டு மார்க்கில் போனவர்கள் உண்டு.

தேற 90 மார்க் வேண்டும். பிற்பட்ட வகுப்பார், தலித், ஆதிவாசி ஆகியோருக்கு 82 போதும். மாற்றுத் திறனாளிகளுக்கு 75. ஒரு தடவை தவறினால் அடுத்த தடவை எழுதலாம். வெட்கப்பட ஒன்றும் இல்லை.

வேலையில் இருக்கும் டீச்சர்களையும் இந்தத் தேர்வு விடவில்லை. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. ஓய்வு பெற ஐந்து வருடத்துக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு வருடத்துக்குள் தேற வேண்டும் என்றது. 45 வயது டீச்சரும் இரவில் உட்கார்ந்து படிக்க வேண்டிய நிலை வந்தது. இனிப் படிக்கப் போகும் பிள்ளை, இந்தத் தேர்வை முதலிலேயே முடித்துவிடுவதுதான் புத்தி.

ஏஜென்ட் வந்தால்?

ஓர் அம்மாவும் தொடர்கல்வி மையத்துப் பிரேரக்கும் பேசுவதாக வைத்துக்கொள்வோம்.

"அக்கா, டவுனில் ஒரு கோர்ஸ் இருக்காம். ஆறே மாசம். நர்சரி டீச்சர் டிரெயினிங். முடிச்சா அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் வேலை உறுதின்னு ஏஜென்ட் சொல்றாரு. மகளைச் சேர்க்கட்டுமா?"

"நர்சரிப் பள்ளியில் வேலை பார்க்க அது உதவலாம் அம்மா. ஆனா எல்.பி. பள்ளிக்கு அது செல்லாது. டி.எல்.எட். மட்டும்தான் செல்லும்."

"சீல் எல்லாம் போட்டுத் தருவாங்களாமே?"

"சீல் யாரு வேணும்னாலும் போடலாம். அந்த நிறுவனத்துக்குத் தேசிய ஆசிரியர் கல்விக் குழுவோட அங்கீகாரம் இருக்கான்னு கேளுங்க. காட்டச் சொல்லுங்க. காட்டலைன்னா எழுந்து வந்துடுங்க."

இதுதான் சரியான யோசனை. அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களின் பட்டியல் அந்தக் குழுவின் இணையதளத்தில் இருக்கிறது. அக்ஷயா மையத்தில் பார்த்துச் சொல்வார்கள். தமிழ்நாட்டில் படித்துவிட்டுக் கேரளத்தில் வேலை தேட நினைப்பவரும் முன்பே விசாரிக்க வேண்டும். அந்தச் சான்று இங்கே ஏற்கப்படுமா என்று கேட்டு, பதில் வாங்கிய பிறகுதான் பணம் கட்ட வேண்டும்.

சான்று கிடைத்தால் வேலை கிடைக்குமா?

உடனே கிடைக்காது. இதை ஒளிக்கக் கூடாது. சான்று என்பது வரிசையில் நிற்க ஒரு டிக்கெட். அவ்வளவுதான்.

அரசுப் பள்ளி வேலைக்கு பி.எஸ்.சி. தேர்வு எழுத வேண்டும். பி.எஸ்.சி.யில் ஒரு தடவை பதிவு செய்துவிட்டால் பிறகு வரும் அறிவிப்புகளுக்கு அதிலிருந்தே விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. ரேங்க் பட்டியல் அதிகபட்சம் மூன்று வருடம் இருக்கும். அதற்குள் அழைப்பு வராவிட்டால் மறுபடி எழுத வேண்டும்.

உதவி பெறும் பள்ளியில் மேலாளர் நியமிப்பார். சம்பளம் அரசு தரும். தகுதி ஒன்றுதான், கே-டெட் உட்பட. இங்கே சிலர் நன்கொடை என்று லட்சக்கணக்கில் கேட்பதாக ஊரெல்லாம் பேச்சு. அதற்கு ரசீது வராது. தோட்டத்தில் வேலையும் கூலியும் நின்றுபோன குடும்பம் அதற்கு எங்கே போகும்? பி.எஸ்.சி. வழிதான் ஏழைக்கு வழி.

இன்னொன்று. ஒரு பள்ளியில் எத்தனை டீச்சர் என்பதைப் பிள்ளைகளின் எண்ணிக்கைதான் முடிவு செய்கிறது. ஜூன் மாதம் பள்ளி திறந்த ஆறாவது வேலை நாளில் தலை எண்ணுகிறார்கள். எல்.பி.யில் 30 பிள்ளைக்கு ஒரு டீச்சர் என்பது கணக்கு. மலைப் பள்ளியில் அன்றைக்கு மழையால் பத்துப் பிள்ளை வராவிட்டாலும் பேச்சு வரும். ஆறாவது நாள் பிள்ளையைக் கட்டாயம் அனுப்புங்கள்.

வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி

லயத்துப் பிள்ளை வீட்டில் பேசுவது தமிழ். பள்ளியில் படிப்பது மலையாளம். காணிக்காரப் பிள்ளையின் பேச்சு இரண்டும் கலந்தது, இரண்டிலும் சேராதது. முதல் வகுப்பில் டீச்சர் பேசுவது புரியாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளை, கொஞ்ச நாளில் வராமலே நின்றுவிடும். அந்தப் பேச்சு தெரிந்த ஒருவர் வகுப்பில் இருந்தால்? வயநாட்டில் 2017-இல் இதைச் செய்து பார்த்தார்கள். கோத்ரபந்து என்று பெயர். பயிற்சிச் சான்று பெற்ற ஆதிவாசி இளைஞர்களைப் பள்ளிகளில் துணை ஆசிரியர்களாக வைத்தார்கள். சான்று இருந்ததால்தான் அவர்களை எடுக்க முடிந்தது.

தமிழ் வழிப் பள்ளிகளுக்கு பி.எஸ்.சி. தனியாக ஆள் எடுக்கிறது. தலைநகரில் சாலையில் அரசுத் தமிழ்ப் பள்ளி இருக்கிறது. இடுக்கியிலும் பாலக்காட்டிலும் தமிழ்ப் பள்ளிகள் அதிகம். தமிழ் வழியில் படித்தவர்கள் இந்த அறிவிப்பைத் தனியாகக் கவனிக்க வேண்டும்.

வயது போய்விட்டதா?

ஏழாம் வகுப்போடு நின்றவர், இப்போது வயது 25. முடிந்ததா கதை? கணக்குப் போட்டுப் பார்ப்போம். சாட்சரதா மிஷனின் பத்தாம் தரம் துல்யதாப் படிப்பில் 17 வயது முடிந்தவர் சேரலாம். அது 26 வயதில் முடியும். பிளஸ் டூ துல்யதாவுக்கு 22 வயது முடிந்திருக்க வேண்டும். அது இரண்டு வருடம். வயது 28. டி.எல்.எட். சேர வயது வரம்பு 33. பிற்பட்ட வகுப்பாருக்கு மூன்று வருடமும் தலித், ஆதிவாசிகளுக்கு ஐந்து வருடமும் கூடுதல். ஆக, 28-இல் சேர்ந்தால் 30-இல் கையில் சான்று. பி.எஸ்.சி.யில் டீச்சர் வேலைக்குப் பொது வயது வரம்பு 40. பத்து வருடம் மிச்சம் இருக்கிறது.

கடைசியாகக் காகிதம் பற்றி. எல்லாச் சான்றிலும் பெயர், இனிஷியல், பிறந்த தேதி ஒன்றாக இருக்க வேண்டும். தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இங்கேதான் சிக்கல். ஆதாரில் ஒரு பெயர், பள்ளிச் சான்றில் ஒரு பெயர். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு முன்பே தலைமை ஆசிரியரிடம் சொல்லித் திருத்துவது சுலபம். பிறகு திருத்த அலைச்சல் அதிகம். சாதிச் சான்றைத் தாலுகா அலுவலகத்தில் காலத்தோடு வாங்கி வைக்க வேண்டும். லயத்துக் கூரை ஒழுகும். ஆகவே சான்றுகளை பிளாஸ்டிக் உறையில் போட்டு, தகரப் பெட்டியில் வையுங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு நகல் எடுத்து, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். டி.எல்.எட். அறிவிப்பு எப்போது வரும் என்று பஞ்சாயத்துப் பிரேரக்கிடம் இப்போதே சொல்லி வைக்கலாம்.