வரிகளுக்கிடையே வாழ்ந்த மொழி

1344ஆம் ஆண்டில் மாலைதீவிலிருந்து தமிழகக் கரையை நோக்கிப் புறப்பட்ட மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா, காற்றின் போக்கால் இலங்கையின் மேற்குக் கரையை அடைந்தார். ‘பத்தாலா’ என அவர் குறித்த ஊர் நமது புத்தளமே என்பது அறிஞர் கொள்கை. அங்கு அவரை வரவேற்றவன் இந்து மன்னனான ஆரியச் சக்கரவர்த்தி. அரபு பேசும் விருந்தினரும் தமிழ் மன்னனும் உரையாடியது எம்மொழியில்? பாரசீகத்தில்! மன்னன் அம்மொழியை அறிந்திருந்தான். பாவா ஆதம் மலையைத் தரிசிக்க விரும்பிய விருந்தினருக்கு யோகியரையும் அந்தணரையும் வழித்துணையாக அனுப்பியும் வைத்தான். பிறமொழி அறிவு நட்பின் திறவுகோல் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

அக்காலத்தார் பிறமொழியை எவ்வாறு கற்றனர்? அதற்கு விடை தரும் நூல்களுள் ஒன்று ‘முகத்திமத்துல் அதப்’. இதனை இயற்றிய ஸமக்ஷரீ (1075–1144) அரபு நாட்டவர் அல்லர். மத்திய ஆசியாவின் குவாரசம் நாட்டினர். ஒரு காலை இழந்தும் கல்விக்காக நெடுந்தூரம் பயணஞ்செய்தவர். தம் நாட்டரசர் அத்ஸிஸுக்கு உரிமையாக்கிய இந்நூலில் பெயர், வினை, இடைச்சொல், பெயரின் திரிபு, வினையின் திரிபு என ஐந்து பகுதிகளை அமைத்தார். அரபுச் சொற்களின் அடியில் பாரசீகம், துருக்கி, குவாரசமியம் ஆகிய மொழிகளில் பொருள் எழுதிப் பலர் பயின்றனர். பிற்காலப் படியொன்றில் மங்கோலிய மொழியும் இடம்பெற்றது.

இங்கே ஒரு விந்தையைக் காண்கிறோம். குவாரசமிய மொழி பின்னர் பேசுவாரின்றி மறைந்தது. இன்று அம்மொழியைப் பற்றி நாம் அறிவனவற்றுள் பெரும்பகுதி, அரபு கற்ற மாணாக்கருக்காக வரிகளுக்கிடையே எழுதப்பட்ட அச்சிறு குறிப்புகளால் கிடைத்ததே! அரபைக் கற்பிக்க வந்த நூல், தாய்மொழியின் நினைவையும் காத்துத் தந்தது.

நம்மவரும் இவ்வழியை அறியாதவர் அல்லர். அரபு எழுத்துக்களோடு புள்ளியும் பிற குறிகளும் கூட்டி, ட, ண, ள, ழ போன்ற தமிழொலிகளுக்கும் வடிவு தந்து, அரபுத் தமிழ் என்னும் எழுத்துமுறையைத் தமிழ் முஸ்லிம்கள் வளர்த்தனர். அரபு வரியின் அடியில் தமிழ்ப்பொருளை அவ்வெழுத்தாலேயே வரைந்து கற்றனர். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவ்வெழுத்தில் நூல்கள் இயற்றினார்; அவர்தம் தொண்டு இலங்கையிலும் பரவிற்று. ‘ஸலாத்’ என்பதைத் தொழுகை என்றும், ‘ஸவ்ம்’ என்பதை நோன்பு என்றும், ‘மஸ்ஜித்’ என்பதைப் பள்ளிவாசல் என்றும் வழங்கும் அழகிய தமிழை அம்மக்களிடம் காண்கிறோம். பாக்கி, வசூல், நகல் என அரபு தந்த சொற்களையோ நாம் அனைவரும் நாள்தோறும் வழங்குகிறோம்.

இன்று அரபுத் தமிழைப் படிக்க வல்லார் அருகி வருகின்றனர். கற்பிட்டி முதல் சிலாபம் வரையுள்ள கரையோர இல்லங்களில் பாட்டனார் விட்டுச்சென்ற பழைய கிதாபு ஏதேனும் பெட்டியடியில் கிடக்கலாம். எழுத்து விளங்கவில்லை என்று அதனைக் கரையானுக்கு இரையாக்கலாமா? மாணவர்களே! விடுமுறை நாளில் ஊர்ப் பெரியவர் ஒருவரை அணுகி, அதன் ஒரு பக்கத்தையேனும் படித்துக்காட்டச் சொல்லுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள். குவாரசமியத்தைக் காத்ததும் அத்தகைய சிறு குறிப்பே அன்றோ!