நேர்வாளம் இடும் போலிக் கட்டளை

சித்த மருத்துவர் சுத்தி செய்யாமல் தொடாத நேர்வாள விதையை, நாம் குடியேறி வாழும் வடபுலத்தில் ஜமால்கோட்டா என்பர். கடும் பேதி மருந்து அது. புற்றுக்கு வித்திடும் பொருளொன்றைச் சிறிதளவு பூசிய சுண்டெலித் தோலில், பின்னர் நேர்வாள எண்ணெயைத் தொடர்ந்து தடவினால் கட்டிகள் எழுகின்றன. காரணம் யாது?

உயிரணுவினுள் புரோட்டீன் கைனேஸ் சி என்னும் நொதி உண்டு. 1977-இல் ஜப்பானின் கோபே நகரில் நிஷிசூகா குழுவினர் கண்டறிந்தது. வேலையில்லாதபோது தன் உடலின் ஒரு துண்டாலேயே தன் வாயை அடைத்துக்கொண்டு கிடக்கும். வெளியிலிருந்து செய்தி வந்ததும் உயிரணுச் சவ்வில் டைஅசைல்கிளிசரால் என்ற கொழுப்புப்பொருள் தோன்றும். நொதியின் சி1 என்ற பகுதி அதனைப் பற்றுகிறது.

பற்றும் விதமே வியப்பு. சுமார் 50 அமினோ அமிலங்களாலான அச்சிறு பகுதியின் நுனியில் நீரை நாடும் பள்ளம் ஒன்று. சுற்றிலும் கொழுப்பை நாடும் விளிம்பு. பள்ளம் மூடப்பட்டதும் நுனி முழுவதும் எண்ணெய்த் தன்மை பெற்றுச் சவ்வில் புதைகிறது. அப்பகுதியின் வடிவமோ ஏறத்தாழ மாறுவதில்லை. 1995-இல் படிகத்தை எக்ஸ் கதிரால் ஆராய்ந்தோர் கண்டது இதுவே. நொதி சவ்வில் பதிந்ததும் அடைப்புத் துண்டு விலகுகிறது, நொதி விழிக்கிறது.

நேர்வாள எண்ணெயிலுள்ள ஃபோர்பால் எஸ்டரும் அதே பள்ளத்தில் அமர்கிறது. உண்மைக் கொழுப்பை உயிரணு விரைவில் அகற்றிவிடும்; இப்போலியை எளிதில் அகற்ற இயலாது. நெடுநேரம் விழித்திருந்த நொதியையே உயிரணு பின்னர்ச் சிதைத்துவிடுவதும் உண்டு. ஆகவே கட்டிக்குக் காரணம் ஓயாத ஏவலா, அதன்பின் வரும் நொதியின் இன்மையா என்பதில் ஆராய்ச்சியாளரிடையே வழக்கு இன்னும் தீரவில்லை.