பட்டணத்தில் ஜாகை

திண்டுக்கல் ரயில் நிலையத்தில் சென்னைக்குப் போகும் வண்டி வந்து நின்றால், பிளாட்பாரத்தில் நிற்பவர்களைப் பார்த்தே யார் பட்டணம் பார்க்கப் போகிறார்கள், யார் பட்டணத்தில் குடியேறப் போகிறார்கள் என்று சொல்லிவிடலாம். பார்க்கப் போகிறவர் கையில் ஒரு பையும், உறவினருக்கென்று ஒரு சீப்புச் சிறுமலை வாழைப்பழமும் இருக்கும். குடியேறப் போகிறவரோ குத்துவிளக்கு, ஊறுகாய் ஜாடி, பாட்டியின் பித்தளைக் குடம் எல்லாவற்றையும் எண்ணி எண்ணி ஏற்றிக்கொண்டிருப்பார். இத்தனை சாமான்களையும் ஜாக்கிரதையாக எண்ணுகிறவர், அவற்றையெல்லாம் இறக்கி வைக்கப்போகும் இடத்தைப் பற்றி அதில் பாதி ஜாக்கிரதையாவது எடுத்துக்கொண்டாரா என்பதுதான் நமது கவலை.

இரண்டு வருஷங்களுக்கு முன், ஒரு சித்திரை மாதத்தில், நமது பால்ய நண்பர் ஒருவர் நம்மைத் தேடி வந்தார். ஆத்தூர்ப் பக்கத்தில் பூர்வீக நிலம் உள்ளவர். மகனுக்குச் சென்னையில் உத்தியோகம். மகளுக்கு அங்கேயே கல்லூரிப் படிப்பு. ஆகவே குடும்பத்தோடு பட்டணம் போய்விடுவதென்று தீர்மானம் செய்திருந்தார்.

“நிலத்தில் ஒரு பகுதியை விற்று அங்கே வீடு வாங்கிவிடப் போகிறேன். வேளச்சேரிக்குத் தெற்கே ஓர் இடம் பார்த்தாகிவிட்டது. சுற்றிலும் பச்சைப் பசேலென்று வெளி. கிணற்றிலே பத்தடியில் தண்ணீர், அப்பா! இந்தச் சித்திரை வெயிலில் பத்தடியில் தண்ணீர்!” என்று சொன்னபோது அவர் முகம் மலர்ந்தது.

“சித்திரையிலே பத்தடியில் இருக்கிற தண்ணீர் கார்த்திகையிலே எத்தனை அடியில் இருக்கும்?” என்று கேட்டோம்.

நண்பர் விழித்தார். அந்தக் கேள்வி அவருக்குத் தோன்றவே இல்லை. அது அவர் குற்றம் அன்று; அவர் பிறந்து வளர்ந்த ஊரின் குற்றம்.

நம் ஊர்க் கேள்வி

தண்ணீர்க் கஷ்டத்துக்குப் பயந்து திண்டுக்கல்லுக்குப் பெண் கொடுக்கத் தயங்கிய காலம் ஒன்று இருந்தது என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். ஆத்தூர்க் காமராஜர் நீர்த்தேக்கத்தையும் பேரணையையும் நம்பிக் குடம் நிரப்பிய ஊர் இது. இங்கே வீடு பார்க்கப் போகிறவன் கேட்கும் முதல் கேள்வி, “தண்ணீர் வருமா?” என்பதுதான். “தண்ணீர் போகுமா?” என்று கேட்க வேண்டிய அவசியம் நமக்கு அதிகம் நேர்ந்ததில்லை. திண்டுக்கல் கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 270 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பெய்கிற மழை சரிவு கண்ட இடத்தில் ஓடிவிடும்.

சென்னையோ கடலுக்குச் சில மீட்டர் உயரத்தில் தட்டையாகப் பரந்து கிடக்கும் ஊர். ஆண்டுக்கு ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும் பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் சில நாட்களிலேயே கொட்டித் தீர்த்துவிடும். ஆகையால் கடற்கரைப் பட்டணத்துக்குக் குடிபோகிறவன் இரண்டு கேள்விகளையும் கேட்டாக வேண்டும். வைகாசியில் தண்ணீர் எங்கிருந்து வரும்? கார்த்திகையில் தண்ணீர் எந்த வழியாகப் போகும்? ஒன்றைக் கேட்டு மற்றொன்றை மறந்தவர்கள் பட்ட பாட்டைச் சென்னை நன்றாக அறியும்.

ஏரிக்குள் எழுந்த ஊர்

இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடையாக நம் முன்னோர் வெட்டி வைத்தது ஏரி. மழையில் வாங்கிக்கொண்டு கோடையில் கொடுப்பது அதன் தர்மம். அந்த ஏரிகளைத் தூர்த்துத்தான் பட்டணம் தன் உடம்பைப் பெருக்கிக்கொண்டது. இன்று ஜவுளிக் கடைகளால் ஜகஜ்ஜோதியாக விளங்கும் தியாகராய நகர், 1920-களில் மாம்பலம் ஏரியை வற்றவைத்து உண்டாக்கிய நகரம். வள்ளுவர் கோட்டம் நிற்பது நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில். ஏரி போய்விட்டாலும் பெயர் போகவில்லை. மேற்கு மாம்பலத்தில் ‘லேக் வியூ ரோடு’ இருக்கிறது. அங்கே நின்று பார்த்தால் ஏரி மட்டும் தெரியாது!

பெயர்களைக் கவனிப்பது நம்மவர்களுக்குப் புதிதன்று. நம் திண்டுக்கல்லில் மேட்டுப்பட்டியும் உண்டு, பள்ளப்பட்டியும் உண்டு. அதே காதோடு பட்டணத்துப் பெயர்களையும் கேட்க வேண்டும். பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல் என்று வருகிறதே, தாங்கல் என்றால் நீர் தங்கும் சிற்றேரி. பெயரில் தாங்கல் இருப்பதால் அந்த ஊர் முழுவதும் ஆகாது என்பதில்லை. ஆனால் அந்தத் தாங்கல் எந்த இடத்தில் இருந்தது, நாம் பார்க்கும் தெரு அதற்கு உள்ளேயா வெளியேயா என்று விசாரிக்காமல் முன்பணம் கொடுக்கலாகாது.

நண்பர் கண்ட ‘பச்சைப் பசேல் வெளி’ பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரம். தென்சென்னையின் மழைநீர் வந்து தங்கிக் கடலுக்குப் போகும் இடம் அது. ஒரு காலத்தில் பல ஆயிரம் ஹெக்டேர் பரந்திருந்தது. சாலைகளும் கட்டடங்களும் குப்பையும் தின்றது போக எஞ்சியதில், 2022-ஆம் ஆண்டில் 1,247 ஹெக்டேர் ராம்சர் ஒப்பந்தத்தின்கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. உலகமே காப்பாற்ற வேண்டும் என்று சொல்லும் சதுப்பு நிலத்தின் ஓரத்தில் கிணற்றிலே பத்தடியில் தண்ணீர் இருப்பது அதிசயமா?

இரண்டு வருஷங்கள், இரண்டு பாடங்கள்

இந்த உபதேசமெல்லாம் நாம் புத்தகத்தில் படித்ததன்று. 2015-ஆம் ஆண்டில் நாமே பட்டணத்தில் ஒரு வீட்டின் தரைத்தளத்தில் குடியிருந்தோம். அந்த இடம் முன்பு என்னவாக இருந்தது என்று வீட்டுக்காரரும் சொல்லவில்லை, தரகரும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. டிசம்பர் 2-ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. நமது திண்டுக்கல் சமவெளியில் பாதி வருஷத்துக்கு மேல் பெய்யக்கூடிய மழை அது! நள்ளிரவில் வாசற்படியைத் தாண்டிய தண்ணீர், விடிவதற்குள் அலமாரியின் இரண்டாம் தட்டைத் தொட்டது. குழந்தைகளை மாடி வீட்டார் வாங்கிக்கொண்டார்கள். புத்தகங்களை வாங்கிக்கொள்ள யாரும் இல்லை.

அதே பட்டணத்தில் நாலே வருஷம் கழித்து நடந்ததைப் பாருங்கள். 2019-ஆம் ஆண்டுக் கோடையில் செம்பரம்பாக்கம், செங்குன்றம், சோழவரம், பூண்டி ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டன. ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து ரயில் வண்டியில் குடிநீர் வந்தது. மழையில் மூழ்கிய தெருக்களிலேயே கோடையில் ஜனங்கள் குடங்களை வரிசையில் வைத்து லாரிக்குக் காத்திருந்தார்கள்.

இது சென்னைக்கு மட்டும் வந்த வினையன்று. ஜாவாத் தீவின் ஜகார்த்தா நகரம் நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சியே தாழ்ந்துகொண்டு போக, இந்தோனேஷிய அரசாங்கம் 2019-இல் தலைநகரையே போர்னியோவுக்கு மாற்றுவதென்று அறிவித்தது. அரசாங்கம் ஜாகை மாற்றலாம். நிலத்தை விற்று வீடு வாங்கிய குடும்பஸ்தன் என்ன செய்வான்?

கடற்காற்றும் துருப்பிடித்த பூட்டும்

“அப்படியானால் கடற்கரையோரமாகவே போய்விட்டால் என்ன? மணல் பாங்கு, தண்ணீரும் தேங்காது” என்றார் நண்பர். அதில் நியாயம் உண்டு. திருவான்மியூர், பெசன்ட் நகர்ப் பக்கத்து மணல், மழைநீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். வெயில் நாட்களில் நடுப்பகலை ஒட்டிக் கடற்காற்று வீசத் தொடங்கினால் முதலில் குளிர்வது கரையோரந்தான். மீனம்பாக்கம் வரை அது போய்ச் சேர மேலும் நேரமாகும். நம் ஊர் வெயில் வறண்ட வெயில்; வேர்வை உடனே காய்ந்துவிடும். பட்டணத்து வெயிலில் வேர்வை காயாது. ஆகவே கிழக்கிலும் தென்கிழக்கிலும் ஜன்னல் உள்ள வீடு மின்விசிறியைவிட மேலானது.

ஆனால் கடல் கொடுப்பதற்கு விலையும் வாங்கும். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற நமது திண்டுக்கல் பூட்டைக் கள்ளன் திறக்க முடியாமல் போகலாம். அலைக்கு அருகே தொங்கவிட்டால் உப்புக் காற்று அதைச் சொந்தக்காரனும் திறக்க முடியாமல் செய்துவிடும். ஜன்னல் கம்பி, குளிர்பெட்டி, சுவருக்குள் இருக்கும் முறுக்குக் கம்பி எல்லாவற்றுக்கும் இதே கதிதான். நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்தால் அதன் இடத்தில் உப்புநீர் ஏறும்; மீஞ்சூர் வட்டாரம் இதைக் கண்டிருக்கிறது. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலையையும், 2016 டிசம்பர் 12-ஆம் தேதி ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்த வர்தா புயலையும் மறக்கலாகாது. கடலுக்கு மிக அருகேயும் வேண்டாம், காற்று எட்டாத தூரமும் வேண்டாம் என்பதே நமது அபிப்பிராயம்.

எந்தப் பேட்டை?

மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும் கோயிலையும் குளத்தையும் நடுவில் வைத்து வளர்ந்த பழைய ஊர்கள். பள்ளிக்கூடம், வைத்தியசாலை, மார்க்கெட்டு எல்லாம் நடந்துபோகும் தூரத்தில். வாடகைதான் நம் தலைக்கு மேல். அண்ணா நகர் திட்டமிட்டு அமைத்த நகரம். தெருக்கள் அகலம், கடற்காற்று குறைவு. வண்ணாரப்பேட்டையும் அதற்கு வடக்கேயுள்ள ஊர்களும் வாடகையில் சாது. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ ரயில் வந்துவிட்டதால் தூரமும் குறைந்தது. பழைய மகாபலிபுரம் சாலையில் கணினி உத்தியோகம் வாசலிலேயே இருக்கிறது. பல அடுக்ககங்களுக்குத் தண்ணீர் மட்டும் லாரியில் வருகிறது.

பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் வரிசைக்கு நம்மவர்களைப் பொறுத்தவரையில் ஒரு விசேஷம் உண்டு. தென்னாட்டு ரயில்கள் பல தாம்பரத்தில் நிற்கும். 2023 டிசம்பரில் திறந்த கிளாம்பாக்கம் பஸ் நிலையமும் அருகில். 1931-ஆம் ஆண்டிலேயே மின்சார ரயில் ஓடத் தொடங்கிய பாதை அது. ஆனால் அங்கேயும் மேடும் பள்ளமும் உண்டு. அடையாற்றை ஒட்டிய முடிச்சூர் 2015-இல் பட்டபாடு சிறிதன்று.

பேட்டையைவிடத் தெரு முக்கியம். தெருவைவிட வீட்டின் வாசற்படி முக்கியம். சாலையைச் சுரண்டாமலே மேலும் மேலும் தார் போட்டதால் எத்தனையோ பழைய வீடுகளின் வாசல் தெருவுக்குக் கீழே போய்விட்டது. காம்பவுண்டுச் சுவரில் பழைய வெள்ளத்தின் கறைக்கோடு இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக்காரரைக் கேட்பதற்கு முன் தெருமுனையில் இஸ்திரி போடுகிறவரைக் கேளுங்கள். அவர் எந்த வருஷம் தண்ணீர் எதுவரை வந்தது என்று கையாலேயே காட்டுவார். சென்ற கோடையில் லாரித் தண்ணீருக்கு மாதம் எவ்வளவு ஆயிற்று என்று மாடி வீட்டு அம்மாளைக் கேளுங்கள். மழைநீர் சேகரிப்பு 2003 முதல் சட்டப்படி கட்டாயம். குழாய் இருந்தால் போதாது, அது எங்கே போய் முடிகிறது என்று பின்தொடர்ந்து பாருங்கள். வாங்குவதானால் வில்லங்கச் சான்றோடு நின்றுவிடாமல், கிராமக் கணக்கின் ‘அ’ பதிவேட்டில் அந்தப் புல எண் ஏரியா, ஓடையா, புறம்போக்கா என்றும் பார்த்துவிட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, முதல் வருஷம் வாடகை வீட்டிலேயே இருங்கள். ஒரு கார்த்திகையும் ஒரு வைகாசியும் கழியட்டும். பிறகு நிலத்தை விற்பதைப் பற்றி யோசிக்கலாம்.

நண்பர் அரை மனதோடுதான் நமது யோசனையை ஏற்றார். குரோம்பேட்டையில் மேடான ஒரு தெருவில் முதல் மாடியை வாடகைக்குப் பிடித்தார். அந்தக் கார்த்திகையில், நாலு நாள் விடாத மழைக்குப் பிறகு, அவரும் நாமுமாகச் சேர்ந்து அவர் வாங்க இருந்த வீட்டைப் பார்க்கப் போனோம். முழங்கால் அளவுத் தண்ணீர். வாசல் இருந்திருக்க வேண்டிய இடத்தில் ஒரு நாரை ஒற்றைக் காலில் நின்று மீனுக்காகக் காத்திருந்தது. அது தன் பாட்டன் காலத்து வீட்டுக்குத் திரும்பி வந்திருந்தது. அத்துமீறி நுழைய இருந்தவர் நமது நண்பர்தான்.

திரும்பும் வழியில் அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “நம் ஊரிலும் குளத்தைப் பிளாட் போட்டு விற்கிறார்களே, அப்பா!” என்றார்.

பட்டணம் செய்த பிழையைப் பட்டணத்தில் பார்த்து வந்த நாம், அதையே நம் ஊரில் செய்யாமலிருந்தால், அந்த நாரைக்கும் நமக்கும் இடம் இருக்கும். ஆத்தூர் நிலம் இன்னும் நண்பர் பெயரில்தான் இருக்கிறது.